தொண்டுக்குச் சம்பளம் யார் தருவது?

கோணேசர் கல்வெட்டைக் கையில் எடுக்கும் பலரும் குளக்கோட்டன் கதையைத் தேடித்தான் போவார்கள். கந்தளாய்க் குளம் கட்டியவன், கோணமாமலையில் திருப்பணி செய்தவன் என்ற அந்தக் கதை வரலாறா ஐதீகமா என்பதை ஆய்வாளர்கள் பார்த்துக்கொள்ளட்டும். எனக்கு அந்த நூலில் கண்ணில் படுவது வேறு. தானத்தார் யார், வரிப்பற்றார் யார், எவருக்கு என்ன தொழும்பு, அதற்கான வயலும் நெல்லும் எங்கிருந்து வரவேண்டும் என்றெல்லாம் அது ஒழுங்கு வகுத்து வைக்கிறது. கோயிலைக் கட்டியதோடு தர்மம் முடிந்துவிட்டதாக அந்தக் காலத்தவர் நினைக்கவில்லை. கட்டியதைப் பார்த்துக்கொள்கிறவனின் அடுப்பு எரியவும் வழி செய்துவிட்டுத்தான் கை கழுவினார்கள்.

திருகோணமலை மாவட்டத்தில் பொதுத்தொண்டு கடந்த நூறு ஆண்டுகளில் எப்படி மாறியது என்று அளக்க இதைவிட நல்ல கோல் எனக்குக் கிடைக்கவில்லை. தொண்டு செய்பவனுக்கு யார் சோறு போட்டார்கள்? எத்தனை நாளைக்குப் போட்டார்கள்?

நூறு ஆண்டுக்கு முந்திய நகரத்தில் தொண்டென்றால் பெரும்பாலும் பள்ளிக்கூடம். தங்கம்மா சண்முகம்பிள்ளை 1923இல் பெண்பிள்ளைகளுக்கென்று ஒரு பாடசாலையைத் தொடங்கினார். இன்றைய ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரி அதுதான். இந்துக் கல்லூரி இராமகிருஷ்ண மிஷனின் கைக்கு வந்து, சுவாமி விபுலானந்தரே அதிபராக இருந்து நடத்திய காலமும் அதையொட்டியதே. சென் ஜோசப் கல்லூரியை இயேசு சபைத் துறவிகள் பார்த்துக்கொண்டார்கள். துறவிக்குச் சம்பளம் பெரிதாக வேண்டியதில்லை. ஆசிரியர்களின் சம்பளத்துக்கு அரசின் உதவிநன்கொடை வந்தது. மிச்சத்தை ஊர் சுமந்தது. 1960இல் வந்த சட்டத்தோடு உதவிபெறும் பாடசாலைகள் அரசாங்கத்தின் கீழ் போயின. அதனால் நன்மை விளைந்ததா தீமை விளைந்ததா என்பது தனி வழக்கு. ஆனால் ஊர்ப்பணம் தொடர்ந்து போய்ச்சேர்ந்த மிகப் பெரிய வாய்க்கால் அன்றைக்கே அடைபட்டுவிட்டது. பழைய மாணவர் சங்கங்கள் கட்டடத்துக்கும் விளையாட்டுப் போட்டிக்கும் காசு சேர்க்கிறவையாகச் சுருங்கிப்போனது இதற்குப் பிறகுதான்.

கோணேசர் கோயிலும் ஊர்க்காசில் எழுந்ததுதான். போர்த்துக்கீசர் இடித்துப் போட்ட தலத்தில், பூமிக்குள்ளிருந்து விக்கிரகங்கள் கிடைத்த பிறகு, ஊரவரும் வெளியூர்ச் சைவர்களுமாகப் பணம் சேர்த்துக் கட்டி 1963இல் கும்பாபிஷேகம் செய்தார்கள். ரசீதுப் புத்தகமும் கையுமாகப் படியேறி வந்தவரை வீட்டுக்காரருக்குத் தெரியும். அவர் கணக்கில் பிசகினால் மறுநாள் சந்தையில் யார் முகத்தில் விழிப்பது? ஒரு கணக்காய்வாளர் செய்யமுடியாத வேலையை அந்த வெட்கம் செய்தது.

கிராமங்களில் இதைவிட எளிமை. மாதம் சிறு தொகை கட்டி வைக்கும் மரண உதவிச் சங்கம், சிரமதானம், பள்ளிவாசல் மூலம் பிரிக்கப்படும் ஸக்காத், பிடியரிசி. சில கரையோர ஊர்களில் கரைவலைப் பங்கு பிரிக்கும்போதே கோயிலுக்கென்று ஒரு பங்கு ஒதுங்கும். 2012 குடிசன மதிப்பீட்டின்படி இம்மாவட்டத்தில் முஸ்லிம்கள் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல், தமிழர் முப்பது அளவில், சிங்களவர் கால்வாசிக்குச் சற்று மேல். கிண்ணியாவிலும் கிளிவெட்டியிலும் சேருவிலையிலும் பாஷையும் பிரார்த்தனையும் வேறு. ஆனாலும் மையித்து வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் மளகெதரவுக்கும் கதிரையும் தகரப் பந்தலும் தேநீர்ச் சட்டியும் வந்து சேர்ந்த விதம் ஒன்றுதான். அந்தப் பொருள்களைப் பூட்டி வைக்கும் திறப்பு ஒருவர் கையில் இருக்கும். பெரும்பாலும் ஓய்வுபெற்ற வாத்தியார். அவருக்குச் சம்பளம் இல்லை, ஓய்வூதியம் இருந்தது. அன்றைய ஊர்த்தொண்டு அரசாங்க ஓய்வூதியத்தின் முதுகில் ஏறிச் சவாரி செய்ததென்று சொன்னால் கோபிக்க வேண்டாம்.

1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டம் தன்னார்வ சமூக சேவை அமைப்புகளைப் பதிவு செய்யவும் மேற்பார்வை செய்யவும் வழி வகுத்தது. பத்தாண்டு கழித்து பிரேமதாச அரசாங்கம் என்.ஜி.ஓ.க்களை விசாரிக்க ஜனாதிபதி ஆணைக்குழுவே அமைத்தது. ஏ.ரி.ஆரியரத்னவின் சர்வோதயம்கூட அந்தச் சந்தேகக் கண்ணுக்குத் தப்பவில்லை. தொண்டு செய்கிறவரைப் பார்த்து, "உனக்கு எங்கிருந்து காசு வருகிறது?" என்று அரசாங்கம் கேட்கும் பழக்கம் அந்நாளில் தொடங்கியது, இன்றும் நிற்கவில்லை.

இடையில் யுத்தம். 1983, 1985, 1990 என்று ஆண்டுகளைச் சொன்னாலே இந்த மாவட்டத்தார்க்குப் போதும். ஊரே முகாமுக்குப் போன பிறகு மரண உதவிச் சங்கம் எங்கே இருக்கும்? உலர் உணவுக் கூப்பன், செஞ்சிலுவைக் கொடி கட்டிய வாகனம், ஜெர்மன் ஜி.ரி.இசட். நிறுவனத்தின் வேலைக்கு உணவுத் திட்டம் என்று தொண்டின் முகம் மாறியது. ஆனாலும் அதுவரை இந்தத் துறையில் சம்பளத்துக்கு இருந்தவர்களை நகரத்தார் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடிய அளவில்தான் எண்ணிக்கை இருந்தது.

2004 டிசம்பர் 26 காலை அந்தக் கணக்கெல்லாம் கவிழ்ந்தது. மாவட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். கிண்ணியா வைத்தியசாலையைக் கடல் அடித்துக்கொண்டு போனது. முதல் இரண்டு மூன்று நாள் சோறு கொடுத்தவர்கள் பக்கத்து ஊர்க்காரர்கள். பள்ளிவாசலும் கோயில் மடமும் பன்சலையும் தேவாலயமும்தான் முகாம். அதன் பின் உலகம் வந்து இறங்கியது. ஒக்ஸ்பாம், சேவ் த சில்ரன், வேர்ல்ட் விஷன், சோவா, ஐ.நா.வின் பல கிளைகள், பெயர் கேள்விப்படாத சிறு நிறுவனங்கள் எல்லாம் வந்தன. அந்தப் பணத்தைப் பிரிப்பதற்கென்று அரசாங்கமும் புலிகளும் 2005 ஜூனில் கையெழுத்திட்ட பொதுக்கட்டமைப்பை ஜூலையில் உயர் நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. கூட்டாகப் பங்கிட ஒரு பொறி இல்லாமற் போகவே, பணம் நிறுவனங்களின் வழியாகவே ஓடியது.

அந்த ஆண்டுகளில் உவர்மலையிலும் உப்புவெளியிலும் வீடு வாடகைக்குத் தேடியவர்களுக்குத் தெரியும். மாடி வீடென்றால் அதன் வாசலில் ஒரு நிறுவனத்தின் பலகை இருக்கும், உள்ளே ஜெனரேட்டர், வெளியே இரண்டு டபிள் கெப். ஆங்கிலத்தில் நாலு வசனம் ஒழுங்காக எழுதத் தெரிந்த பிள்ளைக்கு வேலை நிச்சயம். உயர்தரம் முடித்து முடிவுக்காகக் காத்திருந்தவர்கள் கள உத்தியோகத்தரானார்கள். ஆட்டோ ஓட்டியவர் சாரதியாகி, சாரதி லொஜிஸ்டிக்ஸ் உதவியாளரானார். வாத்தியார் வேலையை விட்டு மொழிபெயர்ப்பாளராகப் போனவர்களும் உண்டு, அரசாங்கச் சம்பளத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு கிடைக்கும்போது யாரைக் குறை சொல்வது? திறப்பு வைத்திருந்த பழைய வாத்தியாரின் மகன், மகள்தான் இந்தப் புது உத்தியோகங்களுக்குப் போனார்கள். தகப்பன் சும்மா செய்ததை மகன் சம்பளத்துக்குச் செய்தான். இதில் இழிவு ஒன்றுமில்லை. படித்த பிள்ளைக்கு ஊரிலேயே கௌரவமான வேலை கிடைத்த அரிய காலம் அது.

வேலையின் தன்மைதான் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. ஒரு கிராமத்து மாதர் சங்கக் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். வேப்பமரத்தடியில் பாய் விரித்திருக்கும். முதலில் ஒரு பதிவுத் தாள் சுற்றி வரும்: பெயர், அடையாள அட்டை இலக்கம், கையெழுத்து. பிறகு சுவரொட்டித் தாளில் கிராமத்தின் வரைபடம்: கிணறு எங்கே, பாதை எங்கே, வறிய வீடு எது. பச்சைப் பொட்டு, சிவப்புப் பொட்டு. பிறகு தேநீரும் பணிசும், கடைசியில் பனர் பிடித்து ஒரு படம். அடுத்த கிழமை வேறொரு நிறுவனம் வரும், அதே மரத்தடியில், அதே பெண்களைக் கொண்டு, அதே கிணற்றுக்குப் பொட்டு வைக்கும். மூன்றாவது தடவை வரைபடம் கேட்டபோது, "போன மாதம் கீறினதைத் தந்தால் போதுமா தம்பி?" என்று ஒரு அம்மா கேட்டதாக அக்காலக் கள உத்தியோகத்தர்கள் சிரித்துக்கொண்டு சொல்வார்கள். நடந்ததோ நடக்கவில்லையோ, நடந்திருக்கக்கூடியது.

கணக்கு மேலே போகவேண்டியிருந்ததுதான் காரணம். காசு கொடுத்தவர் லண்டனிலோ ஒஸ்லோவிலோ இருக்கிறார். நிதியாண்டு முடிவதற்குள் செலவழிக்கவேண்டும், செலவழித்ததற்குச் சான்று வேண்டும். எண்ணிக் காட்டக்கூடிய பொருளுக்கே முதலிடம் கிடைத்தது. படகு எண்ணலாம், மலசலகூடம் எண்ணலாம். சுனாமிக்குப் பின் இலங்கைக் கரையெங்கும் சில இடங்களில் இழந்ததைவிட அதிகமாகச் சிறு படகுகள் வழங்கப்பட்டன. தரமற்ற படகுகளும் அவற்றில் இருந்தன. வீட்டுத் திட்டங்களும் இப்படித்தான். வடக்குக் கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்ற தடைவலய விதி வந்ததும் மீனவனின் வீடு உள்நாட்டுக்குப் போனது; வலையும் எஞ்சினும் கடற்கரையில் கிடந்தன. பிறகு விதி தளர்த்தப்பட்டது. அதற்குள் கட்டிய வீடுகள் கட்டியபடி நின்றன.

இந்தத் துறையின் சம்பள வேலை எவ்வளவு ஆபத்தானது என்பதை மாவட்டம் அறிந்த நாள் 2006 ஆகஸ்ட் 4.

மாவிலாற்று மதகு மூடப்பட்டதில் தொடங்கிய சண்டை மூதூருக்கு வந்திருந்தது. அக்ஷன் பாம் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் உள்ளூர் ஊழியர்கள் 17 பேர் திருகோணமலையிலிருந்து வேலைக்காகக் கொட்டியாரக் குடாவைக் கடந்து போய் மூதூரில் அகப்பட்டுக்கொண்டார்கள். 13 ஆண்கள், 4 பெண்கள். 16 தமிழர், ஒரு முஸ்லிம். சுனாமியால் பாதிக்கப்பட்டவர்களுக்குக் குடிதண்ணீரும் சுகாதார வசதியும் செய்து கொடுப்பது அவர்களுடைய வேலை. நிறுவனத்தின் அலுவலக வளவுக்குள் இருந்தால் பாதுகாப்பென்று அங்கேயே இருந்தார்கள். நிறுவனத்தின் பெயர் பொறித்த ரீசேர்ட் அணிந்தபடியே, முகங்குப்புறக் கிடத்தி, சுட்டுக் கொல்லப்பட்டார்கள். போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழு அரச படைகளைப் பொறுப்பாக்கியது, அரசாங்கம் மறுத்தது. ஜனாதிபதி ஆணைக்குழு விசாரித்தது; சர்வதேசப் பிரமுகர் குழுவொன்று பார்வையாளராக வந்து, நம்பிக்கையிழந்து வெளியேறியது. அக்ஷன் பாம் 2008இல் நாட்டை விட்டுப் போய், 2013இல் அரச படையினரைக் குற்றஞ்சாட்டித் தன் அறிக்கையை வெளியிட்டது. இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை.

அந்தப் பதினேழு பேரும் வெளிநாட்டிலிருந்து வந்த நிபுணர்கள் அல்லர். நகரத்தின் வீடுகளில், சம்பளம் வந்ததும் தங்கச்சியின் படிப்புக்கும் அப்பாவின் கடனுக்கும் காசு கொடுக்கும் பிள்ளைகள். வெளிநாட்டவர் எடுக்கத் தயங்கிய பயணத்தை உள்ளூர் ஊழியர் எடுப்பதென்பது உலகம் முழுக்க உதவித் துறையில் நடப்பதுதான். தொண்டு நிறுவன ஊழியர் மீதான மிகக் கொடிய தாக்குதல்களுள் ஒன்றாக மூதூர் இன்றும் எண்ணப்படுகிறது. நல்ல சம்பளம் என்று பொறாமைப்பட்டவர்கள் அதற்குப் பிறகு வாய் மூடினார்கள்.

அதே கிழமைகளில் நடந்த இன்னொன்றையும் சொல்லவேண்டும். மூதூரிலிருந்து பல்லாயிரம் முஸ்லிம் மக்கள் கந்தளாய்க்கு நடந்து போனார்கள். அங்கே அவர்களுக்கு முதலில் தண்ணீரும் சோறும் கொடுத்தது உள்ளூர்ச் சனம். புரபோசல் எழுதி அனுமதி எடுத்து வருவதற்கு நாலு நாளாவது ஆகும். பசி அவ்வளவு நாள் பொறுக்குமா?

2009க்குப் பிறகு பலகைகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு அந்த ஆண்டே அரசாங்கத்தின் கோரிக்கைப்படி கிழக்கு மாகாண அலுவலகங்களை மூடியது. என்.ஜி.ஓ. தேசிய செயலகம் சில ஆண்டுகள் பாதுகாப்பு அமைச்சின் கீழும் பிறகு வேறு அமைச்சுகளின் கீழும் மாறி மாறி இருந்தது. ஒரு கிராமத்தில் தையல் வகுப்பு நடத்தவும் கச்சேரியில் செயற்றிட்டம் சமர்ப்பிக்கவேண்டிய நிலை வந்தது. இலங்கை நடுத்தர வருமான நாடாகிவிட்டது என்று கொடையாளர் நாடுகள் கைவிரித்தன. தேசியக் கணக்கில் நாடு நடுத்தரமாகியிருக்கலாம். சண்டையில் இடம்பெயர்ந்த சம்பூர் மக்கள் அப்போதும் கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் முகாம்களில் தகரக் கொட்டிலில் இருந்தார்கள். தங்கள் காணிக்கு அவர்கள் திரும்பத் தொடங்கியது 2015இல்.

சம்பளத்துக்கு இருந்தவர்கள் என்ன ஆனார்கள்? கெட்டிக்காரர் சிலர் சூடானுக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் அதே நிறுவனங்களோடு போனார்கள். பட்டம் வைத்திருந்தவர்கள், 2012இல் அரசாங்கம் பட்டதாரிகளை மொத்தமாகச் சேர்த்தபோது அபிவிருத்தி உத்தியோகத்தராகிப் பிரதேச செயலகத்தில் கதிரை பிடித்தார்கள். சம்பளம் குறைவு, ஓய்வூதியம் உண்டு. மிச்சப்பேரில் பலர் நுண்கடன் கம்பனிகளுக்குப் போனார்கள். இதுதான் கசப்பான திருப்பம். மாதர் சங்கத்தைக் கூட்டவும் குழுவாகக் கையெழுத்து வாங்கவும் வீடு வீடாய்ப் போகவும் தொண்டு நிறுவனக் காசில் பழகிய பிள்ளைகளை, கிழமைக்குக் கிழமை தவணை அறவிடும் கம்பனிகள் கையோடு எடுத்துக்கொண்டன. ஐந்து ஆறு கம்பனிகளிடம் ஒரே நேரத்தில் கடன்பட்ட பெண்கள் வீட்டைப் பூட்டிவிட்டு ஒளியும் நிலை வந்தது. 2018இல் அரசாங்கம் வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாய் வரையான பெண்களின் நுண்கடனைத் தள்ளுபடி செய்ய முன்வந்தபோது அதில் திருகோணமலையும் ஒன்று.

இன்று நிலைமை என்ன? வேலை விளம்பரம் மதிலில் ஒட்டப்படுவதில்லை, வட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. ஒப்பந்தம் ஆறு மாதம், மிஞ்சினால் ஒரு வருடம். மும்மொழி தெரியவேண்டும், மோட்டார் சைக்கிள் சொந்தமாக இருக்கவேண்டும், அறிக்கை ஆங்கிலத்தில் எழுதவேண்டும். பணம் கொடையாளரிடமிருந்து சர்வதேச நிறுவனத்துக்கும், அங்கிருந்து கொழும்பு நிறுவனத்துக்கும், அங்கிருந்து மாவட்ட அமைப்புக்கும் படியிறங்கி வருகிறது. கடைசிப் படிக்கு வரும்போது பயிற்சிப் பட்டறைக்கும் பனருக்கும் காசு இருக்கும்; அலுவலக வாடகைக்கும் கணக்கெழுதும் பிள்ளைக்கும் இருக்காது. நிர்வாகச் செலவென்றால் கொடையாளருக்கு முகம் சுளிக்கும். 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தி, அந்த ஆண்டு ஜூலையில் யு.எஸ்.எய்ட் நிறுவனத்தையே மூடிவிட்ட பின், இந்தப் படிவரிசையின் உச்சியே ஆட்டங்கண்டது.

உள்ளூர்க் கொடை மட்டும் வற்றவில்லை. 2022இல் நாடு கடனைக் கட்டமுடியாமல் விழுந்து, டொலர் 360 ரூபாயைத் தாண்டிய ஆண்டில், சமூகச் சமையலறைகள் நடத்தியவர்கள் பள்ளிவாசல், கோயில், பழைய மாணவர் குழுக்காரர்கள். 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயலோடு மகாவலி பெருகி மாவிலாற்று அணைக்கட்டு உடைத்தபோது, மூதூர், வெருகல், சேருவிலைப் பக்கத்துச் சனத்துக்கு முதல் சோற்றுப் பொதிகளை ஏற்றிக்கொண்டு போனவர்களும் இப்படிப்பட்ட பொடியன்கள்தான். ரசீதுப் புத்தகத்தின் இடத்தில் வங்கிக் கணக்கு இலக்கமும் கைத்தொலைபேசிப் படமும் வந்திருக்கின்றன. சந்தையில் முகத்தில் விழிக்கும் வெட்கத்துக்குப் பதில், ஒவ்வொரு பொதியையும் வாங்குகிறவரின் முகத்தோடு படமெடுத்துப் போடும் வழக்கம் வந்துவிட்டது. கொடுத்தவருக்குச் சான்று வேண்டும் என்பது புரிகிறது. வாங்குகிறவரின் மானத்துக்குச் சான்று யார் கேட்பது? வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாதென்ற மண்ணில் இது பொறுக்க முடியாத காட்சி.

புலம்பெயர்ந்தவர்களின் பணம்தான் இன்று பெரும் ஊற்று. லண்டனில் ஒருவர் ஐம்பது பவுண் அனுப்பினால் இங்கே இருபதாயிரம் ரூபாய் அளவில் வந்து சேர்கிறது. கட்டடம், ஸ்மார்ட் போர்ட், கணினி அறை, நினைவுக் கல் எல்லாம் வருகின்றன. மூன்று வருடம் கழித்துப் போய்ப் பார்த்தால் கணினி அறை பூட்டிக் கிடக்கும். திறப்பு அதிபரிடம், அதிபருக்கு ஆயிரம் வேலை. திறந்து வைத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஒருவருக்குச் சம்பளம் ஒதுக்க எவருக்கும் தோன்றவில்லை. சுனாமிக் காசு செய்த தவறையே நம்முடைய காசும் செய்கிறது: எண்ணிக் காட்டக்கூடியதை வாங்குகிறோம், அதைப் பார்த்துக்கொள்கிறவரை மறந்துவிடுகிறோம். திறப்பை வாங்கிச் சும்மா செய்ய அந்தப் பழைய வாத்தியாரும் இன்றில்லை. ஓய்வூதியம் மருந்துக்கே போதாது; மனுசன் ரியூசன் கொடுக்கப் போகிறார்.

ஆகவே லண்டனிலும் ரொறன்ரோவிலும் சூரிச்சிலும் இருக்கும் திருகோணமலைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த பொதுக்கூட்டத்தில் கட்டடத்துக்கு வாக்கெடுக்கும் முன், ஊரில் ஒரே ஒருவருக்கு ஐந்து வருடச் சம்பளம் என்று ஒரு தீர்மானம் போடுங்கள். கணினி அறையைத் திறக்கிறவராக இருக்கலாம், முதியவர்களை வைத்தியசாலைக்குக் கூட்டிப்போகிறவராக இருக்கலாம், கடன்பட்ட பெண்களோடு வங்கிக்கும் பிரதேச செயலகத்துக்கும் போய் வருகிறவராக இருக்கலாம். ஆளை உங்கள் சொந்தக்காரருக்குள் தேடாமல் விளம்பரம் செய்து எடுங்கள், மூன்று இனத்துப் பிள்ளைகளும் விண்ணப்பிக்கட்டும். சம்பளத்துக்கு மேலே வேலை கொடுப்பவர் 12 வீதம் சேமலாப நிதியும் 3 வீதம் நம்பிக்கை நிதியும் கட்டவேண்டும். அதையும் கணக்கில் சேர்த்து அனுப்புங்கள்.